ஜெரஜாக் தீவில் இறக்கி வைக்கப்பட்ட நம்மவர்கள்: நினைவுகளையும் சான்றுகளையும் திரட்டுவது எப்படி?

கீழ்க்கரை (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை நிபோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் நோக்கிக் கடலோரச் சாலையில் போகும் எவருக்கும் இடப்பக்கம் ஜெரஜாக் தீவு தெரியும். அறுபது ஆண்டுகளாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால், அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று என் பேரப்பிள்ளை கேட்டபோது, "முன்பு சிறை இருந்தது" என்பதற்கு மேல் ஒரு வாக்கியம்கூட எனக்குச் சொல்ல வரவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவை இவை. 1868இல் அத்தீவில் தொழுநோயாளர் மனை கட்டத் தொடங்கி 1871இல் முடித்திருக்கிறார்கள். 1875 முதல் கப்பலில் வந்த குடியேறிகளை நோய்த்தடுப்புக்காகத் தனித்து வைக்கும் முகாம் அங்கே நடந்தது. போருக்குப் பிறகு காசநோய் மருத்துவமனை வந்தது. 1969 ஜூன் மாதம் தடுப்புக்காவல் மையம் திறக்கப்பட்டு 1993 வரை இயங்கியது. கரையில் இருக்க வேண்டாம் என்று அரசு கருதியவர்களையெல்லாம் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிய தீவு அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்து வந்த நம்மவர்களில் பலர் மலாயாவில் முதலில் மிதித்த மண் அந்தத் தீவின் மண்தான்.

என் பாட்டி அவர்களில் ஒருவர். 1920களின் பிற்பகுதியில், திருமணமான சில மாதங்களில், தாத்தாவோடும் தாத்தாவின் தம்பியோடும் வந்தார். "கோரண்டியில பதினோரு நாள் கிடந்தோம். துணியை எல்லாம் வாங்கி ஆவியில வேகவச்சிக் குடுத்தான். என் கூறைச் சீலைச் சாயம் தாத்தா வேட்டியில ஏறிப்போச்சு" என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். கோரண்டி என்றது அந்த நோய்த்தடுப்பு முகாமைத்தான். இளஞ்சிவப்புத் திட்டு விழுந்த அந்த வேட்டி என் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

நான் கேட்க வந்தது வேறொன்று. தாத்தாவின் தம்பியைப் பற்றிக் கேட்டால், "அவரு ஊருக்குத் திரும்பிட்டாரு" என்று மட்டுமே பாட்டி சொல்வார். பாட்டி இறந்த பிறகு உறவினர் ஒருவர் வழியாகத் தெரிய வந்தது: தோட்டத்தில் வேலை செய்த சில ஆண்டுகளில் அவருக்குப் பெருநோய் (தொழுநோய்) கண்டு, அதே தீவுக்கு மறுபடியும் கொண்டுபோனார்களாம். அவர் அங்கேயே இறந்தாரா, சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு மாற்றப்பட்டாரா, ஊருக்குத்தான் போனாரா என்று எங்கள் குடும்பத்தில் இன்று சொல்ல ஒருவரும் இல்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவரைத் தேட எங்கிருந்து தொடங்குவது? உங்கள் குடும்பங்களிலும் இத்தகைய கதைகள் இருந்தால் இங்கே எழுதுங்கள்.

ஆவணக்காரி (கோலாலம்பூர்)

ஐயா, வணக்கம். பழைய ஆவணங்களோடு பல ஆண்டுகள் பழகியவள் என்ற முறையில் சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கில ஏடுகளில் இந்தத் தீவு பெரும்பாலும் "புலோ ஜெரஜா" என்றே எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிச் செய்திகள் அகப்படாது. நாகப்பட்டினத்தை "நெகபட்டாம்" என்று எழுதினார்கள். ராமசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எனவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். தந்தை பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் "இவர் நம்மவர்" என்று எண்ணத் தொடங்கலாம்.

அடுத்து, எந்தக் காலத்துக்கு எந்தக் கட்டு என்பது. 1867இல்தான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டன் குடியேற்ற அமைச்சின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. தொழுநோயாளர் மனை மறு ஆண்டே தொடங்கியதால், தீவைப் பற்றிய அரசுக் கடிதங்களைப் பெரும்பாலும் அந்த அமைச்சின் கோப்புகளில்தான் தேட வேண்டும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசை அதற்குரியது. மருத்துவத் துறை, தொழிலாளர் துறை ஆகியவற்றின் ஆண்டறிக்கைகளையும் பாருங்கள். ஆனால் ஆண்டறிக்கையில் எண்ணிக்கைதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இத்தனை தமிழர், இத்தனை சீனர், இத்தனை மரணம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தனி மனிதரைத் தேடுகிறவர்கள் சேர்க்கைப் பதிவேடு, மரணப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஆகியவற்றையே நாட வேண்டும்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் பழைய ஆங்கில ஏடுகளோடு 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனின் பழைய இதழ்களையும் விடாதீர்கள். நான் சொல்தேடலை நம்பாமல் தேதி வாரியாகவே புரட்டுவேன். கப்பல் வந்த செய்தி முதல் பக்கத்தில் இராது. துறைமுகச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே இரண்டு வரியாக ஒளிந்திருக்கும்.

இன்னொன்று: 1930இல் சுங்கை பூலோ திறக்கப்பட்டதால் தீவில் இருந்தவர்கள் எல்லாரும் அன்றே அங்கே போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு இடங்களிலும் தேடுங்கள்.

பால்மரத்துப் பிள்ளை (சுங்கை பட்டாணி)

என் தாத்தாவும் ஜெரஜாக்கில்தான் இறங்கியிருப்பார். 1912இல் ரஜூலா கப்பலில் வந்து, போர்ட் சுவெட்டன்ஹமில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) இறங்கி, கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தத் தீவின் வழியாக வராத தமிழ்க் குடும்பமே மலாயாவில் இல்லை என்று துணிந்து எழுதலாம். அவருடைய கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணக்காரி (கோலாலம்பூர்)

தம்பி, தாத்தாவின் கதையை அவசியம் சேர்க்க வேண்டும். ஆனால் அவர் எந்தத் தீவில் தங்கினார் என்பதை இன்னும் நிறுவ வேண்டியிருக்கிறது. சிங்கப்பூருக்குப் போனவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதலே தனி முகாம் இருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவரைப் பினாங்குத் தீவின் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், அந்தக் கப்பல் வழியில் பினாங்கில் நின்றதா, பயணிகள் இறக்கி வைக்கப்பட்டார்களா என்பதற்குச் சான்று வேண்டும். எல்லாக் கப்பலையும் எல்லாப் பயணியையும் ஒரே மாதிரி தடுத்து வைக்கவில்லை. கப்பலில் அம்மையோ காலராவோ கண்டிருந்தால் ஒரு நடைமுறை, இல்லாவிட்டால் வேறொன்று. அறைப் பயணிக்கு ஒன்று, மேல்தளப் பயணிக்கு இன்னொன்று.

ரஜூலா விஷயத்தில் ஒரு திருத்தம். அந்தக் கப்பல் கட்டப்பட்டதே 1926இல்தான். தாத்தா 1912இல் வந்தது உறுதியானால் அவர் வந்தது வேறு கப்பல். இதனால் அவர் பொய் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் ஊருக்குப் போய்வந்தது ரஜூலாவில் இருந்திருக்கும். 1973 வரை ஓடிய கப்பல் அது. இரண்டு பயணங்களும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படிக் கலந்ததையும் கலந்தபடியே எழுதி வைத்து, பக்கத்தில் நம்முடைய குறிப்பைத் தனியே எழுதுவதுதான் முறை. அவர் வாயில் வந்த சொல்லை நாம் திருத்தி எழுதினால், நாளைக்கு ஆராய வருகிறவருக்கு எது அவருடையது, எது நம்முடையது என்று பிரித்துப் பார்க்க வழி இராது.

பால்மரத்துப் பிள்ளை (சுங்கை பட்டாணி)

அம்மா, தாங்கள் சொல்வது சரி. நேற்று அப்பாவிடம் கேட்டேன். தாத்தா 1950களில் ஒரு முறை ஊருக்குப் போனது ரஜூலாவில்தானாம். முதலில் வந்த கப்பலின் பெயர் அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டு வைக்கிறேன்.

படகோட்டி மகன் (பத்து மாவுங், பினாங்கு)

என் அப்பா இந்தப் பகுதியில் படகு ஓட்டியவர். சிறுவயதில் அவரோடு தீவைச் சுற்றிப் போயிருக்கிறேன். பெரியவனான பிறகு முறையான அனுமதியோடு சிலமுறை உள்ளேயும் போயிருக்கிறேன். கல்லறைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1914 அக்டோபர் 28ஆம் நாள் காலையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், பினாங்குத் துறைமுகத்தில் நின்றிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கைத் தாக்கி மூழ்கடித்தது. இறந்த மாலுமிகளில் சிலரை ஜெரஜாக்கில் புதைத்தார்கள். ஜார்ஜ் டவுன் மேற்குச் சாலைக் கல்லறையில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது, மலர்வளையம் வைக்க ரஷ்யத் தூதரகத்தார் வருகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்கிருந்தோ வந்து இங்கே மாண்டவர்களை அவர்கள் நாடு மறக்கவில்லை. அதே தீவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து மடிந்த நோயாளிகளின் கல்லுக்கு முன்னால் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வேறுபாடு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல். மேலே பாசி. ஒரு மூலையில் எண்ணோ எழுத்தோ ஏதோ செதுக்கிய அடையாளம். வேர் ஒன்று அடியில் புகுந்து கல்லைச் சாய்த்திருந்தது.

அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்பதை முதல் இருமுறை என்னால் படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை பொழுது சாயும் நேரத்தில் போனோம். கைவிளக்கைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லின் முகத்தை ஒட்டிப் பிடித்தபோது, பள்ளங்களில் நிழல் விழுந்து ஓர் எண் மேலெழும்பி வந்தது. பகலில் போகிறவர்கள் ஒரு கண்ணாடியை வைத்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினாலும் இதே பலன் கிடைக்கும். கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

தயவுசெய்து கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பாதீர்கள். துப்புரவுத் திரவம் ஊற்றாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுவினர் நல்ல எண்ணத்தோடு வேறொரு பழைய இடுகாட்டில் கற்களைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் நான் போய்ப் பார்த்தபோது, அதுவரை படிக்க முடிந்த இரண்டு பெயர்கள் பூச்சுக்குள் போயிருந்தன. பாசி படிந்த கல்லைக்கூட என்றாவது ஒருநாள் படித்துவிடலாம். தேய்த்தெடுத்த எழுத்து போனது போனதுதான். படம் எடுங்கள், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள் என்று எழுதுங்கள். அனுமதியில்லாமல் யாரும் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளத்தாக்கின் மகள் (சுங்கை பூலோ)

இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி இப்போது எழுதுகிறேன். என் அம்மா சுங்கை பூலோவில் சிகிச்சை பெற்றவர். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவது அன்றைய விதி. நானும் அப்படிப் பிரிக்கப்பட்டு வேறொருவர் வீட்டில் வளர்ந்தவள். அம்மாவைக் கண்டுபிடித்தபோது எனக்கு முப்பத்தொரு வயது.

கீழ்க்கரை ஐயாவின் பாட்டி "ஊருக்குத் திரும்பிட்டாரு" என்று சொன்னதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நோயின் பெயரைச் சொன்னால் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வரன் அமையாது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டார் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் அவர் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினாரோ!

நினைவுகளைத் திரட்டும்போது ஆண்டு கேட்டால் முதியவர்கள் திணறுவார்கள். என் அம்மாவிடம் நான் கேட்டது மருந்தைப் பற்றி. "எண்ணெய் ஊசி போட்ட இடம் கட்டி கட்டியா வீங்கும், படுக்க முடியாது" என்றார். அது நீரடிமுத்து எண்ணெய். நம் சித்த வைத்தியர்களும் அறிந்த மருந்துதான். 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் மாத்திரை வந்த பிறகு அந்த ஊசி படிப்படியாக மறைந்தது. எனவே எண்ணெய் ஊசியை நினைவு வைத்திருப்பவர் மாத்திரைக் காலத்துக்கு முன்பே உள்ளே வந்தவர் என்று கொள்ளலாம். தனிப் பணத்தாள் புழங்கியதை நினைவு வைத்திருப்பவரை 1930களின் நடுப்பகுதியில் வைக்கலாம். தொழுநோயாளர் குடியிருப்புக்கென்றே 1936இல் தாள்கள் அச்சிட்டார்கள். வெளியார் தொட அஞ்சியதால் உள்ளே மட்டும் செல்லும் பணம்.

எங்கள் குடியிருப்பின் ஒரு பகுதியை 2007இல் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்தபோது, சுவரோடு சேர்ந்து எவ்வளவோ போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பலர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடி வந்தார்கள். ஜெரஜாக்கிலும் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: கண்டுபிடிக்கும் பெயர்களைக் குடும்பத்தாரைக் கேட்காமல் இங்கே எழுதாதீர்கள்.

கல்வெட்டன் (ஜார்ஜ் டவுன், பினாங்கு)

சகோதரியின் வேதனையை மதித்துக்கொண்டே மாறுபடுகிறேன். அரசு அவர்களை எண்ணாகப் பதிந்தது. குடும்பம் வெட்கப்பட்டு மறைத்தது. இப்போது நாமும் பெயரை மறைத்தால் அதே வேலையை மூன்றாம் முறையாகச் செய்கிறோம். இறந்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆன ஒருவரின் பெயரைச் சொல்வதால் யாருக்கு என்ன குறை வந்துவிடும்? நோயும் இன்று முழுமையாகக் குணமாகும் நோய். பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் களங்கம் போகும்.

பள்ளத்தாக்கின் மகள் (சுங்கை பூலோ)

ஐயா, பெயரை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். குறை வராது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமா? என்னை வளர்த்த வீட்டாருக்கு நான் யாருடைய மகள் என்பது இன்றும் அக்கம்பக்கத்தில் சொல்லக்கூடாத செய்தி. அவர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள். அவர்களைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி நான் நியாயம் பேச மாட்டேன். பெயர் முழுமையாக நாம் திரட்டி எழுதும் ஏட்டில் இருக்கட்டும்; அந்த ஏடு காப்பகத்தில் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கலாம் என்ற நிபந்தனையோடு இருக்கட்டும். பொதுவெளியில் பெயரின் முதலெழுத்து மட்டும் வரட்டும்.

கல்வெட்டன் (ஜார்ஜ் டவுன், பினாங்கு)

காலம் குறித்துப் பூட்டி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அழிந்துபோகுமோ என்ற அச்சத்தில்தான் அப்படி எழுதினேன். சகோதரி மனம் நோகும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வடக்குவாசி (பட்டர்வொர்த்)

1969க்குப் பிந்திய காலத்தையும் விட்டுவிடாதீர்கள். அவசரகாலச் சட்டத்தின்படி விசாரணையில்லாமல் வைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. என் அண்ணன் அங்கே இருந்தார். பேச மாட்டார்; நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அம்மா அவருக்கு எழுதச் சொல்லி, பள்ளிப் பிள்ளையாக இருந்த நான் எழுதிய கடிதங்களில் ஏழு, தணிக்கை முத்திரையோடு என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பது எப்படி?

ஆவணக்காரி (கோலாலம்பூர்)

முதலில், அவற்றை லேமினேட் செய்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பிறப்புப் பத்திரம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் கடையில் கொடுத்து லேமினேட் செய்யும் பழக்கம் இருக்கிறது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். மடிப்பை மெல்லப் பிரித்து, அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரம் அங்கேதான் தங்கும். உறையையும் முத்திரையையும் சேர்த்து இருபுறமும் படம் எடுத்து, இரண்டு வீடுகளில் இரண்டு பிரதிகளாக வையுங்கள். அண்ணன் உயிரோடு இருப்பதால் அவர் சொல்லும் வரை யாருக்கும் காட்ட வேண்டாம்.

கீழ்க்கரை (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

எல்லாருக்கும் நன்றி. நேற்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு எண்பத்து நான்கு வயது. "சின்ன தாத்தாவுக்கு என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டியை விரிக்கச் சொன்னேன். திட்டு இளஞ்சிவப்பாக, ஒரு கையகலத்துக்கு இருந்தது. விளிம்பில் மட்டும் நிறம் சற்று அடர்ந்திருந்தது. கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்தப் பதினோரு நாளும் பாட்டிக்கு யார் சமைத்தார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அத்தை இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு மணி நேரம் கழித்து, நான் கேட்காமலே, சின்ன தாத்தாவின் பெயரைச் சொன்னார். அவருடைய தகப்பனார் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவரைக் கொண்டுபோன அன்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) வந்து நின்ற இடத்தையும் சொன்னார். பாட்டி ஒரே ஒரு முறை சம்பானில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். கொண்டுபோன இட்டிலியைக் கையில் கொடுக்க விடாமல் மேசைமேல் வைக்கச் சொன்னார்களாம். அவர் இறந்த செய்தி வரவே இல்லை என்றும், அதனால் வீட்டில் அவருக்குக் கருமாதி செய்யவில்லை என்றும் அத்தை சொன்னார். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்றும், ஏட்டில் எழுதலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

ஒலிப்பதிவை மூன்று பிரதிகளாக எடுத்து வைத்துவிட்டேன். தந்தை பெயரும் தோட்டத்தின் பெயரும் கையில் இருப்பதால், அடுத்த செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் கோலாலம்பூருக்கு வருகிறேன். ஆவணக்காரி அம்மா, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குள் போக அடையாள அட்டை மட்டும் போதுமா, அல்லது முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா?